மலைக்குக் கொடுத்த சம்பளம்

மெட்ராஸ் ரெஜிமெண்ட் சிப்பாய் காஷ்மீரில் இருக்கலாம், அருணாசலத்தில் இருக்கலாம், ராஜஸ்தான் மணலில் கூடாரம் அடித்திருக்கலாம். அவனுடைய சம்பளக் கணக்கு மட்டும் நீலகிரியை விட்டு நகராது. வெலிங்டனில் ரெஜிமெண்டின் மையம் இருக்கிறது, ரெக்கார்டு ஆபீஸ் இருக்கிறது, கூடவே பாதுகாப்புக் கணக்குத் துறையின் சம்பள அலுவலகமும் இருக்கிறது. நாங்கள் அதை பி.ஏ.ஓ. என்போம். மற்ற ரெஜிமெண்டுகளின் ஜவான்களுக்கும் இப்படித் தனித்தனி பி.ஏ.ஓ. உண்டு. அதிகாரிகளின் கணக்கு மொத்தமும் புனேயில்.

வெலிங்டனில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் இந்தச் சிப்பாயைப் பார்த்ததே கிடையாது. அவன் மலை ஏறினானா, லீவில் போனானா, கல்யாணம் பண்ணினானா, குழந்தை பிறந்ததா எதுவும் அவருக்குத் தெரியாது. யூனிட் ஆபீஸில் ஒரு கிளார்க் எழுதி அனுப்பினால்தான் தெரியும். அப்படி எழுதி அனுப்புவதற்குப் பெயர் பார்ட் டூ ஆர்டர். என் சர்வீஸில் பெரும்பகுதி அதை எழுதுவதிலேயே போயிற்று. கிளார்க்காகச் சேர்ந்து, ஹெட் கிளார்க்காகி, சுபேதாராக வெளியே வந்தேன். துப்பாக்கியும் பிடித்திருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னைத் தேடி வந்த ஜவான்கள் துப்பாக்கி விஷயமாக வந்ததில்லை.

"சாப், இந்த மாசம் சம்பளம் கம்மியா வந்திருக்கு."

இதற்கு நான் சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான்: சீட்டை எடுத்துட்டு வா. பாதிப் பேரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக் காட்டுவார்கள். கைக்கு வந்த தொகை ஒன்றைத்தான் அவர்கள் சம்பளம் என்று நினைக்கிறார்கள். சீட்டின் வரவுசெலவில் அது கடைசி வரி. அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ எழுதிய ஓர் ஆர்டர் இருக்கிறது, அல்லது எழுதாமல் விட்ட ஓர் ஆர்டர் இருக்கிறது.

வரவுப் பக்கத்தை முதலில் பார்ப்போம். ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்கில் புதுச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். அதோடு மிலிட்டரி சர்வீஸ் பே, அதாவது எம்.எஸ்.பி., 5,200. சிப்பாய்க்கும் அதேதான், சுபேதார் மேஜருக்கும் அதேதான். இந்த இரண்டையும் கூட்டி அதன்மேல் அகவிலைப்படி, அதாவது டி.ஏ. 2025 ஜூலைக் கணக்குப்படி 58 சதவீதம் என்றால் 15,602. ஆக 42,502 ரூபாய். இந்த மூன்றும் ஆளின் பணம். அவன் எங்கே போனாலும் கூடவே போகும். வருடத்துக்கு ஒருமுறை மூன்று சதவீதம் அடிப்படையில் ஏறும், ஜனவரியிலும் ஜூலையிலும் டி.ஏ. திருத்தப்படும். அடிப்படையும் எம்.எஸ்.பி.யும் நாளைக்கு பென்ஷன் கணக்கிலும் உட்காரும்.

அதற்குக் கீழே வருவது வேறு ஜாதிப் பணம். ஃபீல்டு அலவன்ஸ், ஹை ஆல்டிட்யூட், கிளர்ச்சி ஒடுக்கும் பணிக்கான சி.ஐ. அலவன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே சியாச்சின். 2017-ல் விகிதங்களைத் திருத்தியபோது ஜவான்களுக்கும் சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கும் சியாச்சின் அலவன்ஸ் மாதம் 30,000 என்று வைத்தார்கள். புதுச் சிப்பாயின் அடிப்படையைவிட அது பெரிய தொகை. நியாயமான தொகைதான், மேலே போய்வந்தவனைக் கேட்டால் குறைவு என்பான். ஆனால் அந்தப் பணம் ஆளுக்குக் கொடுத்ததல்ல, மலைக்குக் கொடுத்தது. அவன் இறங்கிய தேதியோடு அது நின்றுவிடும். பென்ஷனில் அதற்கு ஒரு ரூபாய்கூடப் பங்கு கிடையாது.

இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் சிப்பாயின் வரவுசெலவில் முக்கால்வாசி முடிந்தது. தெரியாதவன் படும் பாட்டை நான் நிறையப் பார்த்தேன். திருவண்ணாமலைப் பக்கத்து நாயக் ஒருவர் மேலே இருந்த காலத்தில் வீட்டுக் கடன் வாங்கினார். வங்கிக்காரர் கடைசி ஆறு மாத வரவைப் பார்த்து, "தாராளமா கிடைக்கும் சார்" என்று தவணையைப் போட்டுவிட்டார். அவர் வேலை அது. யூனிட் பீஸ் ஸ்டேஷனுக்கு, அதாவது அமைதிப் பகுதி முகாமுக்கு இறங்கியது. அலவன்ஸ் நின்றது, தவணை நிற்கவில்லை. தவணை கட்ட ஒரு பர்சனல் லோன், அதைக் கட்ட ஊரில் மனைவியின் நகை அடகு. என்னிடம் வந்தபோது மூன்று இடத்துக்கு வட்டி போய்க்கொண்டிருந்தது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு, வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. ஃபீல்டில் இருக்கும்போது வரவு அதிகம், செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சாப்பாடு லங்கர் என்கிற பட்டாளச் சமையல்கூடத்தில், உடுப்பு சர்க்காரில், கடை என்று பார்த்தால் நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்று. பீஸ் ஸ்டேஷனுக்கு வந்ததும் வரவு இறங்கும், அதே மாதத்தில்தான் குடும்பத்தைக் கூட்டி வருவான். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் வீட்டு வாடகைப் படி நிற்கும், கரண்டுக்கும் தண்ணீருக்கும் பிடித்தம் வரும். பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், ஊர் போய்வர ரயில் டிக்கெட், ஞாயிற்றுக்கிழமை கறி. வரவு உச்சத்தில் இருக்கும்போது செலவு பள்ளத்திலும், செலவு உச்சத்தில் இருக்கும்போது வரவு பள்ளத்திலும் இருக்கிற வாழ்க்கை இது. மாதச் சம்பளக்காரன் என்று பெயரே தவிர, சிப்பாயின் பணம் ஏரிப்பாசன விவசாயியின் தண்ணீர் மாதிரி: நிரம்புகிற காலம் ஒன்று, பாய்ச்சுகிற காலம் வேறொன்று.

அதனால் நான் ஜவான்களுக்குச் சொல்லி வந்தது இது. நிலையான தவணை எதையும் ஆளின் பணத்தைப் பார்த்துப் போடு, கைக்கு வரும் தொகையைப் பார்த்துப் போடாதே. மலைப் பணத்தை ஃபண்டுக்குத் திருப்பு. ஃபண்டு என்று நாங்கள் சொல்வது ஏ.எஃப்.பி.பி. ஃபண்டை, ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் உரிய சேமநல நிதி. வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்தில் நிற்கிறது. சந்தாவைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறது. ஃபீல்டுக்குப் போகும்போது கூட்டு, இறங்கும்போது குறை. கையில் வராத பணத்தை யாரும் கைமாற்று கேட்க மாட்டார்கள், இது ஊர்ப்பக்கம் பெரிய சௌகரியம். "ஃபண்டில் மாட்டிக்கிச்சு மாமா" என்று தைரியமாகச் சொல்லலாம், பொய்யும் இல்லை. வீடு கட்ட, பிள்ளை படிக்க, கல்யாணம் செய்ய எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது.

சீட்டின் பற்றுப் பக்கத்தில் இன்னொரு பெரிய வரி ஏ.ஜி.ஐ., ராணுவக் குழுக் காப்பீடு. 1976-ல் தொடங்கியது. புதுப் பையன்கள் அந்தப் பிடித்தத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அதில் ஒரு பகுதிதான் உயிர்க் காப்பீட்டுக்குப் போகிறது, மிச்சம் சேமிப்பாகி ஓய்வு பெறும்போது மொத்தமாகத் திரும்புகிறது. இதைச் சொன்ன பிறகுதான் முகம் தெளியும்.

இப்போது தாமதத்தின் கதை. மலையிலிருந்து இறங்கிய தேதிக்கு யூனிட் பார்ட் டூ ஆர்டர் போடவேண்டும், அது ரெக்கார்டு ஆபீஸ் வழியாக பி.ஏ.ஓ.வுக்குப் போகவேண்டும், அங்கே கணக்கில் ஏறவேண்டும். அதுவரை பழைய அலவன்ஸ் வந்துகொண்டே இருக்கும். சிப்பாய்க்குச் சந்தோஷம். பிறகு ஒரு மாதம் எல்லாம் சேர்ந்து திரும்பப் பிடிக்கப்படும். சீட்டில் டெபிட் பேலன்ஸ் என்று விழும். லீவுக்கு ஊர் போயிருக்கிற மாதமாகப் பார்த்து விழும். யாரும் திருடவில்லை, அவன் வாங்கியதே அவனுடையதில்லை. இறங்கிய தேதியை டைரியில் குறித்துவைத்து, அதற்குப் பின் வரும் உபரியைத் தொடாமல் வைத்திருக்கிற ஜவான் இந்தப் பிடித்தம் வரும்போது சிரித்துக்கொண்டு போவான். அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பையன்கள்.

தாமதம் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். புரமோஷன் வந்து தோளில் பட்டை ஏறியிருக்கும், சீட்டில் பழைய ரேங்க்கே நிற்கும். விசாரித்தால், அனுப்பிய ஆர்டர் ஏதோ ஒரு எண் பொருந்தாமல் நிராகரிக்கப்பட்டிருக்கும். எந்தெந்த ஆர்டர் அந்த மாதம் கணக்கில் ஏறியது என்பது சீட்டின் அடிப்பகுதியில் இருக்கும். ஒருவரும் படிக்காத பகுதி அதுதான், நான் முதலில் படித்ததும் அதுதான். முன்பெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு அறிக்கை வரும். சம்பள நாளில் வரிசையில் நின்று, அக்குயிட்டன்ஸ் ரோலில் கையெழுத்துப் போட்டு, ரொக்கமாக வாங்குவார்கள். தவறு நடந்தது தெரியவே ஒரு பருவம் ஆகிவிடும். இப்போது ஹம்ராஜ் செயலியில் மாதச் சீட்டு கைபேசிக்கே வருகிறது. வசதி வந்ததும் படிக்கிற பழக்கம் குறைந்துபோனது என்பது என் குற்றச்சாட்டு. அறிக்கையைக் காகிதத்தில் பார்த்த காலத்தில் பாரக்கில் நாலு பேர் தலை சேர்த்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார்கள். எட்டாவது படித்த லான்ஸ் நாயக் ஒருவர் எங்கள் கிளார்க்குகளையே மடக்குவார்.

பெயர் விஷயம் தமிழனுக்கென்றே வாய்த்த தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துதான். சேரும்போது கே.முருகன் என்று எழுதியிருப்பார்கள். ஆதாரில் முருகன் கண்ணன் ஆகியிருக்கும், பான் அட்டையில் கண்ணன் முருகன். மனைவி பள்ளிச் சான்றிதழில் தகப்பன் முதலெழுத்தோடு இருப்பாள், ரேஷன் கார்டில் புருஷன் முதலெழுத்தோடு. உயிரோடு இருக்கும்வரை இதெல்லாம் வேடிக்கை. குடும்ப பென்ஷன் என்று வரும்போது ஓர் எழுத்துக்காக ஒரு பெண் தாலுகா ஆபீசுக்கும் ஜில்லா சைனிக் அலுவலகத்துக்கும் அலைவாள். கிண்ட்ரெட் ரோல் என்று ஓர் ஆவணம் உண்டு. சிப்பாயின் குடும்பத்தார் யார் யார் என்ற பதிவு. கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் ஆவணங்களைக் கொடுத்துப் பார்ட் டூ ஆர்டர் போடவைக்க வேண்டும், இந்தப் பதிவும் திருந்த வேண்டும். ஃபண்டுக்கு ஒரு நாமினி, ஏ.ஜி.ஐ.க்கு ஒரு நாமினி, வங்கிக்கு ஒன்று, போஸ்டல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அதற்கு ஒன்று. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் அம்மா பெயரிலேயே நாமினி இருக்கிற ஜவான்கள் ஒவ்வொரு கம்பெனியிலும் கிடைப்பார்கள். அம்மாவுக்கு எதிராக நான் பேசவில்லை. மனைவிக்கும் அம்மாவுக்கும் பங்கு போட்டு எழுதவும் இடம் இருக்கிறது. அதை உட்கார்ந்து யோசித்து எழுது என்கிறேன்.

எங்கள் வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது தலைமுறைப் பழக்கம். சம்பளத்தில் ஒரு பங்கு ஃபேமிலி அலாட்மெண்ட் என்ற பெயரில் மணியார்டராக வீட்டுக்கே வந்த காலம் ஒன்று இருந்தது. தபால்காரர் தெருவில் நுழையும்போதே எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று தெருவுக்கே தெரியும். அதில் கௌரவக் குறைச்சல் இருந்தாலும் ஒரு நன்மையும் இருந்தது: வீட்டுப் பெண்ணுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. இப்போது ஏ.டி.எம். கார்டு மனைவி கையில் இருக்கிறது, கணவனுக்கு எவ்வளவு சம்பளம், எவ்வளவு பிடித்தம் என்பது அவளுக்குத் தெரியாது. சிக்னல் இல்லாத போஸ்டில் அவன் இரண்டு மாதம் இருக்கும்போது தவணை திரும்பினால் வங்கிக்காரர் அவளைத்தான் கூப்பிடுவார். சீட்டின் நகல் ஒன்று மாதாமாதம் வீட்டுக்குப் போகட்டும் என்று சொல்வேன். சிலர் தயங்குவார்கள். ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்கும் தெரியும், அதை இங்கே எழுதுவதற்கில்லை.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 வாக்கில் வட மாவட்டங்களில் லட்சத்துக்கு மாதம் இவ்வளவு ஆயிரம் என்று வாங்கிய நிதி நிறுவனங்கள் கவிழ்ந்தபோது பணம் போட்டவர்களில் பட்டாளத்துக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பட்டாளத்தான் பட்டாளத்தானை நம்புவான். பக்கத்துப் பள்ளத்தில் படுத்தவன் சொன்னால் உயிரையே ஒப்படைத்துப் பழகியவன், அவன் கையில் இரண்டு லட்சத்தைக் கொடுக்கவா யோசிப்பான்? ஆள் பிடிக்க ரிட்டயர் ஆன ஹவில்தாரை வைத்தால் பாதி வேலை முடிந்தது என்று அந்த ஆட்களுக்குத் தெரியும். வருமான வரி ரீஃபண்டு வாங்கித் தருகிறேன் என்று பொய்க் கணக்குக் காட்டிக் கமிஷன் வாங்குகிற ஆட்களும் இந்த வகைதான். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே வராத நிலையில் பெரும்பாலான சிப்பாய்களுக்கு அந்த ஆளே தேவையில்லை.

சிப்பாய்கள் பலர் நாற்பது வயதுக்கு முன்பின்னாக வெளியே வந்துவிடுகிறார்கள். மற்ற உத்தியோகங்களில் வீட்டுக் கடன் தொடங்குகிற வயது அது. கிராஜுவிட்டி, 300 நாள் வரை லீவுச் சம்பளம், ஃபண்டு, ஏ.ஜி.ஐ., கம்யூட்டேஷன் எல்லாம் அடுத்தடுத்து வங்கியில் விழும். அந்த ஒரு பருவத்தில் சொந்தக்காரர்கள் எண்ணிக்கை கூடும். இவற்றில் யோசிக்க வேண்டியது கம்யூட்டேஷன். படைவீரர் தன் பென்ஷனில் பாதிவரை மொத்தமாக விற்கலாம். கடைசிச் சம்பளக் கணக்கு 45,000 என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன் 22,500. பாதியை விற்றால் மாதம் 11,250 குறையும். நாற்பது வயதுக்காரருக்கு அதன் ஒரு வருடத் தொகையின் ஒன்பது மடங்குக்குச் சற்று மேல் கிடைக்கும்; பன்னிரண்டேகால் லட்சம் அளவில். பதினைந்து வருடம் கழித்து முழுப் பென்ஷன் திரும்பும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏழேகால் சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி வருகிறது. நடுவில் அவர் இறந்துபோனால் குடும்பத்திடம் மிச்சத்தை வசூலிக்க மாட்டார்கள். டி.ஆர். எனப்படும் அகவிலை நிவாரணமும் விற்பதற்கு முந்தைய முழுப் பென்ஷனுக்கே கணக்காகிறது. ஆக, பதினாலு சதவீத பர்சனல் லோனை அடைக்கவோ, மனையில் வீடு எழுப்பவோ விற்பது கெட்டிக்காரத்தனம். கேன்டீன் விலையில் கார் எடுப்பதற்காக விற்பவரிடம் நான் வாக்குவாதம் செய்வேன். சிலர் கேட்டார்கள், சிலர் காரோடு வந்து என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார்கள்.

அக்னிவீர் பையன்களுக்கு இந்தப் பாடங்களில் பாதி பொருந்தாது. நான்கு வருடத்துக்கு ஆள் எடுக்க 2022 ஜூனில் அறிவித்த திட்டம் அது. முதல் வருடம் மாதம் 30,000; அதில் 9,000 அவர்களுக்கென்ற தனி நிதிக்குப் போய்க் கையில் 21,000. நான்காம் வருடம் 40,000-க்கு 28,000. டி.ஏ. கிடையாது, எம்.எஸ்.பி. கிடையாது. பிடித்தத்துக்குச் சமமாக அரசும் போட்டு, நான்கு வருடம் முடிவில் வட்டி இல்லாமலே 10.04 லட்சம், வரி இல்லாமல். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. நிரந்தரமாக எடுத்துக்கொள்வது கால்வாசிப் பேர் வரை. ஆளின் பணம், இடத்தின் பணம் என்று நான் பிரித்த கோடு இவர்களுக்கு அவ்வளவாக உதவாது. முழுச் சம்பளமும் இறங்குகிற தேதி போட்ட சம்பளம்தான்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் லீவில் வந்தபோது புது மோட்டார் சைக்கிளுக்கு லோன் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினான். "பெரியப்பா, இதுல ஒரு கண்ணு பாருங்க. தவணை கம்மிதான்."

கம்மிதான். அறுபது மாதம்.

"உனக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு?"

விரல்விட்டு எண்ணினான். "முப்பத்தொண்ணு."

லீவு முடியுமுன் அவன் வீட்டு வாசலில் ஒரு வண்டி நின்றது. செகண்ட் ஹேண்ட், ரொக்கத்துக்கு வாங்கியது. சைலன்சர் மட்டும் மாற்ற வேண்டியிருக்கிறது என்றான்.